முதலில் நிறுத்தாத ஒத்துக்காரர்

ஒரே ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு ஊரில் உள்ள அத்தனை பேரோடும் சண்டை பிடிக்கலாம் என்று நிரூபித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இலங்கை மலையகத்தில் எங்கள் பூண்டுலோயாப் பக்கத்து ஒத்துக்காரர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. தபால்காரருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

எங்கள் மேளத்தில் யாருக்குமே பெயர் கிடையாது. நாதஸ்வரம் ஊதுகிறவர் நாயனக்காரர். தவில் அடிக்கிறவர் தவில்காரர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் அவர்களோடு போய் உட்கார்ந்து இரண்டு வெண்கலக் கிண்ணங்களைத் தட்டிக்கொண்டிருந்த நான் வெறும் ‘தாளம்’. ‘காரர்’ போடுகிற அளவுக்கு என் தாளம் இருக்கவில்லை.

ஒத்து என்றால் என்ன என்று டவுன் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், கொஞ்சம் நீளம். ஆனால் விரல் வைக்கத் துளை கிடையாது. அடியில் சில துளைகள் உண்டு. மெழுகால் அவற்றை அடைத்தும் திறந்தும் ஸ்ருதி சேர்த்துவிட்டால் அப்புறம் ஒரே ஒரு சுரம்தான். நாதஸ்வரம் கல்யாணியில் ஏறி, தோடியில் இறங்கி, வீதியெல்லாம் சுற்றிவிட்டு வரும்வரை ஒத்து வாசலிலேயே நிற்க வேண்டும். மூச்சு விட்டால் சுரம் அறுந்துவிடும். அதனால் கன்னத்தில் காற்றை அடக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் அடுத்த மூச்சை இழுப்பார்கள். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நான் ஒருமுறை முயன்று பார்த்து, கண்ணில் பூச்சி பறந்து, வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

யாராவது சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டால், அவன் ஒத்து ஊதுகிறான் என்பார்கள். இந்தப் பேச்சைக் கண்டுபிடித்த புண்ணியவான் எங்கள் ஒத்துக்காரரைச் சந்தித்ததில்லை. அவர் ஆமாம் சொல்லி நான் கேட்டதே இல்லை. “மழை வருதுண்ணே” என்றால் நனைந்துகொண்டே, “இது மழையா?” என்பார்.

ஒத்துதான் மேளத்துக்கே முதலாளி என்பது அவர் கட்சி. “நாயனத்துல ஏழு ஓட்டை. ஏழு ஓட்டை இருக்கிற எடத்துல காத்து எப்படிப்பா நெலையா நிக்கும்? ஒத்துல ஓட்டை இல்ல. அதனால பொய்யும் இல்ல” என்பார்.

இரண்டு வாத்தியங்களும் ஒரே ஆச்சா மரத்தில் கடைந்தவை. தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு பழைய வீட்டை இடித்தபோது எடுத்த உத்தரக்கட்டையாம். வீடு தாங்கித் தாங்கி ஈரமெல்லாம் வற்றிய மரம்தான் நாதஸ்வரத்துக்கு ஆகுமாம், புது மரத்தில் நாதம் நிற்காதாம். இந்த நாட்டு மலைகளுக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்த காலத்தில் நாயனக்காரரின் பாட்டனாரும் ஒத்துக்காரரின் பாட்டனாரும் அவற்றைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு கப்பலேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்து வந்தார்கள். இதுவரை இரண்டு குடும்பமும் ஒத்துக்கொள்ளும். அதற்குமேல் ஒத்துக்காரரின் சரித்திரம் தனி. “நாயனத்த அவுங்க பாட்டன் தூக்கியாந்தாரு. வழியில ரெண்டு தடவ ஆத்துல போட்டுட்டாரு. ஒத்த எங்க பாட்டன் தூக்கியாந்தாரு. விழல.”

அவருக்கு உலகமே ஸ்ருதிதான். பஸ் வந்து நிற்கும். கண்டக்டர், “நகின்ன மாமே, நகின்ன” என்று ஏறச் சொல்லிக் கெஞ்சுவார். இவர் அசைய மாட்டார். “இந்த பஸ்ஸு வேணாம். ஹாரன் அரைக்கட்டை கொறச்சல். இதுல போயி எறங்குனா இன்னைக்குப் பூரா ஸ்ருதி சேராது.” நாங்கள் தவிலைச் சுமந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். கடைசியில், பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் ‘நானா’, எங்கள்மீது இரக்கப்பட்டுத் தன் வேனில் ஏற்றிப்போக முன்வந்தார். ஒத்துக்காரர் அந்த வேனைச் சுற்றி வந்து ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு, “வேன் நல்ல வேன்தான் நானா, வாய் மட்டும் சரியில்ல” என்றார். நானா ஹற்றன் டவுனுக்குப் போய் வேறு ஹாரன் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு மனிதரிடமிருந்து தப்பிக்க அதுதான் மலிவான வழி என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

எங்கள் மலையில் குளிரும் பனியும் நாதஸ்வரத்துக்குப் பரம எதிரி. ஊதுகிற முனையில் செருகும் சீவாளி என்பது ஆற்றங்கரை நாணலில் செய்த சமாச்சாரம். பனியில் அது ஊறிப்போனால், ஊதும்போது கன்றுக்குட்டி கத்துவது போல இருக்கும். ஒத்துக்காரர் தன் சீவாளியை ஒரு சின்னத் தகர டப்பியில் போட்டு, பனியனுக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார். அன்பாக யாராவது கட்டிப்பிடிக்க வந்தால், “தள்ளி நில்லு, தள்ளி நில்லு” என்று இரண்டு எட்டுப் பின்னால் போவார். கல்யாண வீட்டில் போய் இறங்கியதும் முதல் வேலையாகத் தேத்தண்ணி கேட்பார். பெரிய தேநீர்ப் பிரியர் என்று ஊரெல்லாம் பேர். அவர் ஒரு மிடறு குடித்து யாரும் பார்த்ததில்லை. கோப்பையின் ஆவியில் சீவாளியைக் காட்டிவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். அந்தக் காலத்தில் நான் குடித்த தேநீரெல்லாம் சீவாளி குளித்த தேநீர்.

ஒருநாள் அவர் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் பாறைமேல் உட்கார்ந்து சாதகம் பண்ணினார். மத்தியானமே பனி மூடியிருந்தது. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் காதில் அந்த ஒற்றைச் சுரம் நீளமாக விழுந்தது. ஃபெக்டரிச் சங்குதான் ஊதிவிட்டது என்று, கூடையோடு மொத்த மலையும் நிறுவைக்கு இறங்கி வந்துவிட்டது. அங்கே தராசும் இல்லை, லொறியும் இல்லை. கணக்கப்பிள்ளை மட்டும் பணிஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டு நின்றார். விஷயம் ஆபீஸுக்குப் போய்விட்டது.

தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்: “நீங்கதானா சங்கு ஊதுனது?”

“சங்கு இல்லீங்க தொர, ஒத்து. சங்கு முக்கால் கட்டை கூட நிக்குது. நானே ஒங்களப் பாத்து சொல்லணும்னுதான் இருந்தேன். அதக் கொஞ்சம் எறக்கி வச்சுட்டீங்கன்னா தோட்டத்துக்கு நல்லது.”

துரை பேனாவை எடுத்தார். வேலை நேரத்தில் ஊதக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரு தோட்டத்தையே நிறுத்தக்கூடிய வாத்தியம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதாக ஒத்துக்காரர் அதைப் பொருள் கொண்டார். யாராவது நாதஸ்வரத்தைப் புகழ்ந்தால், “நாயனத்துக்கு யாராச்சும் மலை எறங்கிருக்காங்களா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

அம்மன் கோயில் திருவிழா. நாயனக்காரர் ராகத்தைப் பிடித்து உச்சிக்குப் போன இடத்தில் சீவாளி விரிந்துவிட்டது. வாத்தியத்தில் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளியைச் செருகினார். பனியில் ஊறியிருந்தது. இன்னொன்று, அதுவும் சரியில்லை. அவர் ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருக்க, ஒத்துக்காரர் மட்டும் நிறுத்தவேயில்லை. ஒரே சுரம், வற்றாத தண்ணீர்ப் பீலி மாதிரி போய்க்கொண்டிருந்தது. கூட்டம் நாயனக்காரரை விட்டுவிட்டு இவர் கன்னத்தைப் பார்க்கக் கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து, வேறொரு விழாவுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் இருந்த தலைவர் ஒருவர் மேளத்துக்குப் பொன்னாடை போர்த்த வந்தார். ஊதிக்கொண்டிருப்பவர் யாரென்று பார்த்தார். அவருக்குப் போர்த்திவிட்டுப் போய்விட்டார்.

மேளம் முடிந்து வேனில் ஏறும்போது வெடித்தது.

“நான் நிறுத்துனா நீயும் நிறுத்தணுமா இல்லியா?” என்றார் நாயனக்காரர்.

“நீங்க எங்கண்ணே நிறுத்துனீங்க? சீவாளிதானே நின்னுச்சு. நீங்க திரும்பி வர்றப்ப ஸ்ருதி இருக்க வேணாமா?”

“எனக்கு எடம் தெரியும். நீ புடிச்சு வச்சுக்கிட்டு நிக்கணும்னு இல்ல.”

ஒத்துக்காரர் பொன்னாடையை மடித்து இருக்கையில் வைத்தார். “அப்ப நான் எதுக்கு?” என்றார்.

இதற்கு நாயனக்காரர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். வேன் வீடு வரும்வரை நானாவின் ஹாரன் மட்டும்தான் பேசியது.

அதற்குப் பிறகு பல வருஷம் இருவரும் பேசவில்லை. ஆனால் மேளம் நடந்தது. ஒன்றாகவே உட்கார்ந்தார்கள், நடுவில் நான். “தாளம், அவருகிட்ட சொல்லு, கல்யாணியப் போட்டு மாப்பிள்ளையத் தூங்க வைக்க வேணாம்னு.” “தாளம், ஒரே சுரத்த ஊதுறவங்களுக்கு ராகத்தப் பத்தி என்னா பேச்சுன்னு கேளு.” இரண்டு பேரும் ஒரு முழ தூரத்தில்தான் இருந்தார்கள். இரண்டையும் இரண்டு பேரும் நேரிலேயே கேட்டார்கள். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் என்மேல் கோபம் வரும்.

அதைவிட மோசம், பாட்டு முடிகிற இடம். நாயனக்காரர் முடித்த பிறகும் ஒத்துக்காரர் விடமாட்டார், கொஞ்ச நேரம் இழுப்பார். தான் முடித்த பிறகும் இவன் ஊதிக்கொண்டிருப்பதா என்று நாயனக்காரர் மறுபடி எடுப்பார். அவர் முடித்தால் இவர் இழுப்பார். பந்தியில் சோறு ஆறும். “அந்த நிக்காத மேளத்தக் கூப்புட்டா பொண்ணு மாப்பிள்ள சாயங்காலந்தான் வீட்டுக்குப் போகலாம்” என்று ஊரில் பேச்சு வந்தது. இருந்தும் கூப்பிட்டார்கள். சண்டையில் இரண்டு பேரும் அத்தனை நன்றாக ஊதினார்கள்.

நாயனக்காரருக்கு ஒரே மகள், கௌரி. ஒத்துக்காரர் தோளிலேயே வளர்ந்த பிள்ளை. அழுதால் வேறு யாராலும் நிறுத்த முடியாது, இவர் கன்னத்தை உப்பிக் காட்டினால் நிறுத்திவிடும். அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் கொடுக்கிறவர் மணையில் உட்கார வேண்டும், நாயனம் ஊத முடியாது. ஆகவே நாயனக்காரர் வலப்பனைப் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வரக்காரரை ஏற்பாடு செய்தார். அவரிடம் ஸ்ருதிப் பெட்டி இருந்தது, ஒத்து தேவையில்லை. தவிலும் தாளமும் நாங்களேதான். ஒத்துக்காரருக்கு மட்டும், விருந்தாளிக்குப் போல, பத்திரிகை வந்தது.

நாயனக்காரர் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்தார். இவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. “மேளம் யாரு?” என்று மட்டும் கேட்டார். அந்தம்மா சொன்னார். இவர் முற்றத்தில் போய் நின்றுகொண்டார். அன்று ஒரு பஸ்ஸின் ஹாரனைக்கூட அவர் குறை சொல்லவில்லை என்று அவர் வீட்டில் பயந்துபோனார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். மடியில் உறை போட்ட ஒத்து. “என்னண்ணே, இதையும் தூக்கிட்டு வந்தீங்க?” என்றேன்.

“வீட்டுல தனியா விட்டுட்டு வர முடியுமா? அதுக்கும் கௌரியத் தெரியும்.”

முகூர்த்தம் நெருங்கியது. நாதஸ்வரக்காரரை அழைத்துவரப் போன நானாவின் வேனைக் காணோம். நானாவே போன் பண்ணினார்.

“தம்பி, ரோட்டுல மண் சரிஞ்சி கிடக்கு. வாகனம் ஒண்டும் விடுறாங்க இல்ல. வலப்பனை நாயனக்காரர் என்னோடதான் இருக்கிறாரு. என்ன செய்யிற?”

என்ன செய்வது? தவில்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாதஸ்வரக்காரரை வேனுக்குள்ளேயே ஊதச் சொல்லி, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மைக் முன்னால் வைத்தோம். அந்த மலையில் சிக்னல் இருக்கும், இருக்காது. நாதஸ்வரம் விக்கல் எடுத்தது. இரண்டு விக்கலுக்குப் பிறகு யாரோ, “சேர், வாகனத்தப் பின்னுக்கு எடுங்க” என்றது மண்டபம் முழுக்கக் கேட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“சட்டுனு ஏதாச்சும் செய்யுங்க. நேரம் போனா வராது. தாலி ஏர்றப்ப மங்கள சத்தம் வேணும். யாராச்சும் தும்முனா, அழுதா அதை அமுக்கணுமில்ல.”

நாயனக்காரர் மணையிலிருந்து திரும்பினார். அவர் நாயனம் தோட்டத்து மேல் டிவிஷனில், வீட்டுப் பெட்டிக்குள். எடுத்துவர நேரமில்லை. அவர் கண் முன்வரிசைக்குப் போனது, ஒத்துக்காரர் மடிக்குப் போனது, பிறகு என்னிடம் வந்தது. பழக்கம் விடுமா?

“தாளம், அவருகிட்ட சொல்லு...”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. “நீங்களே சொல்லுங்க” என்றேன்.

கௌரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நாயனக்காரர் தொண்டையைச் செருமினார்.

“வந்து ஊதுறியா?”

அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. ஒத்துக்காரர் நெஞ்சுக்குள்ளிருந்து டப்பியை எடுத்தார், சீவாளியைச் செருகினார். எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“என்னா ராகம் வேணும்?”

நாயனக்காரரும் சிரிக்கவில்லை. “ஒனக்குத் தெரிஞ்சத ஊது” என்றார்.

ஐயர் விரலை உயர்த்தினார். தவில் இடித்தது, நான் தட்டினேன், ஒத்து எழுந்தது. ஒரே சுரம். ராகமும் இல்லை, ஏற்றமும் இல்லை. அந்தச் சுரம் மண்டபத்தை நிறைத்ததும், பின்வரிசையில் இருந்த கொழுந்துக்காரப் பெண்கள் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். “சங்கு ஊதிருச்சு” என்று ஒரு அக்கா சொன்னதும் கேட்டது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். யார் தும்மினார்களோ, யார் அழுதார்களோ, ஒன்றும் வெளியே கேட்கவில்லை.

இரண்டாம் முடிச்சுப் போடும்போது அது நடந்தது. வெறும் ஒத்து மட்டும் ஒலிப்பதை நாயனக்காரரால் தாங்க முடியவில்லை. கையில் தர்ப்பை, கண்ணில் தண்ணீர். வாயைத் திறந்து, நாதஸ்வரத்தில் ஊத வேண்டிய கெட்டிமேளத்தைத் தொண்டையாலேயே பாட ஆரம்பித்தார். குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் ஒத்து போட்ட தரையில் அது நடந்தது, ஏறியது, சுற்றியது, திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது ஒத்து அங்கேயே இருந்தது. ஐயர், “நீங்க பாடக் கூடாது” என்று சைகை செய்தார். யார் கேட்டார்கள்?

தாலி ஏறி முடிந்தது. அட்சதை விழுந்தது. இருவரும் நிறுத்தவில்லை. குங்குமம் வைத்தார்கள், மாலை மாற்றினார்கள், போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். நிறுத்தவில்லை. என் கை வலித்தது. தவில்காரர் என்னைப் பார்த்து அழுதுவிடுவார் போலிருந்தது. முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். கடைசியில் கௌரிதான் குனிந்து, ஒரு கையை அப்பா தோளிலும் ஒரு கையை இவர் தோளிலும் வைத்தாள்.

“அப்பா, மாமா, ரெண்டு பேரும் ஒண்ணா நிறுத்துங்க. சோறு ஆறுது.”

நிறுத்தினார்கள். முதலில் நிறுத்தியது யார் என்பதில் பூண்டுலோயாவில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. நடுவில் தாளத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு உண்மை தெரியும், ஆனால் சொல்லமாட்டேன்.

நாயனக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பி, “அன்னைக்கு எதுக்குன்னு கேட்டியே. இதுக்குத்தான்” என்றார்.

“அதச் சொல்ல ஒங்களுக்கு இம்புட்டு வருஷமா?” என்றார் ஒத்துக்காரர். அங்கேயே புதுச் சண்டை தொடங்கியது. அன்றோடு என் தூது வேலை போயிற்று. கொஞ்ச காலத்தில் கொழும்பில் வேறு வேலை கிடைத்தது.

இப்போது ஒத்துக்காரருக்கு முன்பல் போய்விட்டது, ஊதுவதில்லை. அந்த ஒத்தைக் கௌரியின் வீட்டுக்காரர் ஊதுகிறார். தாலி கட்டும்போது காதில் ஏறிய சுரம், அந்த மனிதரை விடவில்லை. அவருக்கும் நிறுத்தத் தெரியவில்லை என்று கௌரி முறையிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒத்துக்காரருக்குப் போன் பண்ணுவேன். எங்கள் அலுவலக லிப்டின் மணி கால் கட்டை கூடுதல் என்பது வரை பேசுவோம். பேச்சு தீர்ந்ததும், “சரிண்ணே, வைக்கிறேன்” என்பேன். “வை” என்பார். அவர் வைக்கமாட்டார். அந்தப் பக்கம் மூக்கால் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

“இன்னும் வைக்கலியாண்ணே?”

“நீ வை தாளம். நான் இருக்கேன்.”

இப்போதெல்லாம் எனக்கும் வைக்க மனம் வருவதில்லை.